30,000 வெள்ளிக்குள் பழைய கேரவன்: எதைப் பார்த்து வாங்குவது?

கெப்போங்கில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவன், மனைவி, பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் இருப்பது ஒரு மைவி கார். பள்ளி விடுமுறைகளில் தங்கும் விடுதிக்குச் செலவழிக்காமல் ஊர் சுற்ற வேண்டும் என்று 30,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறார்கள். போர்ட்டிக்சனில் ஒருவர் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவனை 22,000 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். செராசில் இன்னொருவர் கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் பொருத்தி முடித்த ஒரு நிசான் வேனுக்கு 28,000 வெள்ளி கேட்கிறார். இவற்றில் எதை வாங்கலாம், வாங்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிட்டுப் பிறகு காரணங்களுக்கு வருகிறேன். இரண்டையுமே அந்த விலைக்கு வாங்காதீர்கள். உள்ளே எதுவும் பொருத்தப்படாத, துருவும் ஒழுக்கும் இல்லாத, தனியார் உபயோகத்துக்குப் பதிவான ஒரு ஜன்னல் வேனை 18,000 வெள்ளிக்குள் தேடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு நல்ல பங்கை அதன் இயந்திரத்துக்கும் டயருக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் கட்டிலையும் விளக்கையும் நீங்களே செய்துகொள்ளுங்கள். செந்தூலில் தகர வேலையும் சாய வேலையும் செய்யும் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என் கைக்கு வந்த கேரவன்களிலும் வேன்களிலும், சொந்தக்காரர் கண்ணீர் விடும் அளவுக்குச் செலவு வைத்தவை பெரும்பாலும் இயந்திரம் கெட்டவை அல்ல, தண்ணீர் புகுந்தவை. கெட்ட இயந்திரத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம், மட்கிய தரையையும் உள்ளிருந்து அரித்த உடலையும் சரிசெய்யப் புறப்பட்டால் வண்டியின் விலையைக் காட்டிலும் கூலி கூடிவிடும்.

போர்ட்டிக்சன் கேரவனை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் படுக்கக்கூடிய இழுவை கேரவன் ஒன்று, சாமான்களோடு சேர்த்து 1,200 முதல் 1,300 கிலோ வரை எடை வரும். உங்கள் மைவியோ ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ளது. கேரவன் பழக்கம் ஊறிய பிரிட்டனில், பழகாதவர்களுக்குக் கூறப்படும் அளவு என்னவென்றால், இழுக்கப்படும் கேரவனின் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதாகும். அந்தக் கணக்கில் 1,300 கிலோ கேரவனுக்கு 1,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வேண்டும். அதாவது, கேரவனோடு ஒரு பிக்கப்பையும் வாங்க வேண்டிவரும். எடை குறைந்த கார் கனமான கேரவனை இழுத்தால், மலையேற்றத்தில் கிளட்ச் தீய்வது ஒரு பக்கம் இருக்கட்டும், இறக்கத்திலும் பலத்த காற்றிலும் பின்னால் வரும் கேரவன் பாம்புபோல் நெளிந்து காரையே திசைமாற்றிவிடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

அதற்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. கடற்கரை ஓரங்களிலும் பண்ணைகளிலும் தங்கும் அறையாக வருடக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்ற கேரவன்கள் விற்பனைக்கு வருகின்றன. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அதற்கென்று பதிவும் செல்லுபடியாகும் சாலை வரியும் இல்லையென்றால், நீங்கள் வாங்குவது வாகனமல்ல, சக்கரம் வைத்த குடிசை. விற்பவர் "பிறகு பதிந்துகொள்ளலாம்" என்றால், அவரே பதிந்து முடிக்கட்டும், பிறகு பணம் தருகிறோம் என்று சொல்லுங்கள். கெப்போங் போன்ற பகுதியில், ஒட்டு வீட்டு வரிசையில், ஆறேழு மீட்டர் நீளமுள்ள ஒன்றை எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும் அண்டை வீட்டாரின் முகத்தை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, வேறு யாராவது பிக்கப் வைத்திருப்பவர் இதைப் படித்தால் அவருக்குப் பயன்படட்டும் என்பதற்காகவும், வேனுக்கும் பாதி பொருந்தும் என்பதற்காகவும், ஈரம் பார்க்கும் விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய இழுவை கேரவன்களின் சுவர் பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே மரச் சட்டமும் அதன் இடைவெளிகளில் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகையும், உள்ளே மெல்லிய பிளைவுட். தகடுகள் சந்திக்கும் மூலைகளிலும், ஜன்னலைச் சுற்றியும், கூரைத் திறப்பைச் சுற்றியும் ஒருவகைப் பசையை வைத்து அடைத்து அதன்மேல் அலுமினியப் பட்டையைத் திருகியிருப்பார்கள். அந்தப் பசை வெயிலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும் தன்மையுள்ளது. குளிர்நாட்டில் அது பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, அதே நாளில் தகடு தொட முடியாத அளவுக்குச் சுடும் நம் ஊரில் அதன் ஆயுள் குறைவு. விரிசலில் இறங்கும் தண்ணீர் உள்ளே சொட்டாது, மரச் சட்டத்துக்குள் ஊறும். சட்டம் உளுத்து, திருகாணி பிடிமானமில்லாமல் ஆன பிறகுதான் உட்சுவரில் கறை தெரியும். கறை தெரியும்போது வியாதி முற்றிவிட்டது என்று பொருள்.

ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் மூக்கையும் நம்புங்கள். கதவை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். நனைந்து காயாத துணியின் வாடை வருகிறதா, அல்லது அதை மறைக்க வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அலமாரிகளின் உள்மூலைகள், மெத்தைக்கு அடியிலுள்ள பெட்டிகள், ஜன்னலின் கீழ்விளிம்பு, கூரைத் திறப்பைச் சுற்றியுள்ள பகுதி ஆகிய இடங்களில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை திடமாக எதிர்க்கும், ஓதம் ஏறிய பலகை பஞ்சுபோல் அமுங்கும் அல்லது காகிதம்போல் சரசரக்கும். வெறுங்காலால் தரை முழுதும் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். கதவுக்குள் நுழையும் இடத்திலும் கழுவுதொட்டிக்கு முன்னாலும் தரை தொய்ந்தால், பிளைவுட் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. புதிதாக ஒட்டிய சுவர்த்தாள் ஒரே ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்த மூலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஈரமானி என்ற சிறிய கருவியை இரும்புக் கடைகளிலும் இணைய வணிகத்திலும் வாங்கலாம். வெளிநாட்டுக் கையேடுகள், மரத்தில் 15 விழுக்காடு வரை ஈரம் இருந்தால் கவலையில்லை, 20க்கு மேல் போனால் பழுது என்று சொல்லும். நம் நாட்டின் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால், நன்றாக இருக்கும் மரமே 14 முதல் 17 வரை காட்டக்கூடும். எனவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யாமல், ஒரே சுவரில் பத்து இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்பது இடங்களில் 16 காட்டி ஓர் இடத்தில் 25 காட்டினால், அங்கே தண்ணீர் இறங்குகிறது.

இனி வேனுக்கு வருவோம். உங்கள் தொகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டியவையாகவே இருக்கும். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை வியாபாரிகளிடம் நாம் பல காலம் பார்த்துப் பழகிய நிசான் வேனட்டின் உதிரிப்பாகங்கள் மலிவு, எந்தப் பட்டறையிலும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் இருப்பார். ஆனால் அதன் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் வெப்பம் ஓட்டுநர் பகுதிக்கு ஏறும், மலைப்பாதையில் மூச்சு வாங்கும். அதே நிசானின் என்வி200 வேன் பெட்ரோலில் ஓடுகிறது, நகரத்தில் ஓட்டவும் நிறுத்தவும் கார்போல எளிது. இரண்டு பேர் அதில் வசதியாகப் படுக்கலாம், நால்வர் படுக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் போடச் சம்மதமென்றால் உங்களுக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். நால்வரும் உள்ளேதான் படுக்க வேண்டுமென்றால் டொயோட்டா ஹையேஸ் அல்லது நிசான் உர்வான் அளவு வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை.

டீசல் என்றதும் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியது. அதற்குப் பிறகு சந்தை நிலவரப்படி விலை மாறிவருகிறது. தகுதியுள்ள தனிநபர் டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அப்போது அறிவிக்கப்பட்டது. உங்களுக்கு அதில் இடம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மலையேற டீசலின் இழுவை நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆண்டுக்கு நான்கைந்து பயணம் மட்டும் போகும் குடும்பத்துக்கு, நீண்ட நாள் நிறுத்தி வைத்தாலும் தொல்லை குறைந்த பெட்ரோல் வேன் போதும் என்பது என் கருத்து. வண்டியின் பின்புறம் இரட்டைச் சக்கரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நெடுஞ்சாலைகளில் இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் உள்ளது முதல் வகுப்பு டோல், ஆறு சக்கரமானால் இரண்டாம் வகுப்பு. பினாங்கு வரை போய் வரும்போது அந்த வேறுபாடு கையைக் கடிக்கும்.

செராசில் இருக்கும் "முடித்த" வேனை நான் ஏன் தடுக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். முடித்த வேனின் அழகான பலகைச் சுவர்கள், நாம் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. வேனில் துரு தொடங்கும் இடங்கள் சக்கர வளைவுகளின் உட்புறம், பக்கக் கதவு ஓடும் தண்டவாளத்தின் அடி, பின்கதவின் கீழ்மடிப்பு, கூரையோரத்து மழைநீர்க் கால்வாய், முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடி ஆகியவைதான். இவற்றில் பாதி உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும். பலகை அடித்துவிட்டால் தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் இரவில் நம் மூச்சுக் காற்றின் ஈரம் போய்ப் படிந்து நீராகி, காற்றோட்டமில்லாமல் அங்கேயே தங்கித் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு வேன் எங்கள் பட்டறைக்கு வந்தது. உள்ளே தேக்கு நிறத்தில் வார்னிஷ் பளபளத்தது. பின் சக்கரத்துக்கு மேல் பலகையை ஒரு முழம் கழற்றியதும் திருப்புளியின் முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதை வாங்கியவர் ஓய்வூதியப் பணத்தில் வாங்கியிருந்தார். அவர் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

எடையும் ஒரு காரணம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்று 20 கிலோ அளவில் இருக்கும். ஆறு பலகை, மெத்தை, பேட்டரி, அறுபது லிட்டர் தண்ணீர், நான்கு பேர், அவர்களுடைய துணிமணி என்று கூட்டிப் பாருங்கள், சிறிய வேனின் தாங்கும் திறனை வெகு எளிதில் தொட்டுவிடும். பிரேக்கும் டயரும் அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு இறக்கத்திலும் சுமக்கின்றன.

சட்டத்தைப் பொறுத்தவரை, வண்டியின் பதிவுச் சான்றிதழான கிரானில் எத்தனை இருக்கை, எந்த வகை உடல், என்ன உபயோகம் என்று எழுதியிருக்கிறதோ அதற்கும் வண்டி இருக்கும் நிலைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கத்தகட்டை வெட்டி ஜன்னல் வைப்பது, இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றிவிட்டுக் கட்டில் அடிப்பது போன்ற மாற்றங்களுக்கு ஜேபிஜேயின் முன் அனுமதி தேவை. செராஸ் வேனில் இவற்றுள் எது செய்யப்பட்டிருந்தாலும் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடிதம் இல்லையென்றால், விபத்து நேரும் நாளில் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. நீங்களாகச் செய்யும்போது, இருக்கைகளைத் தொடாமல், மடித்த இருக்கையின் மேலும் பின்பகுதித் தரையின் மேலும் பொருந்தி உட்காரும்படி, போல்ட் முடுக்காமல் தூக்கி எடுக்கக்கூடிய மரப்பெட்டிகளாகச் செய்து அவற்றின்மேல் மெத்தை விரிப்பதே நல்லது. வண்டி ஓடும்போது அவை நகராதபடி வாரால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது. பின்னிருக்கையில் இருப்பவர்களும் இருக்கைவார் அணிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு முதலே சட்டம். சிறு பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை தனியார் வாகனங்களில் 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இருக்கையைப் பூட்டும் வகையில் வேனின் பின்னிருக்கையில் முறையான மூன்றுமுனை வார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையே பேச வேண்டும். பல பழைய வேன்களில் இடுப்பு வார் மட்டுமே இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

வெள்ள வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் விடாமல் பெய்த மழையில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதிகளில் வண்டிகள் கூரை மட்டம் வரை மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அவற்றில் ஒரு பகுதி, கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்தது. என் மைத்துனர் அடுத்த ஆண்டு ஒரு வேன் வாங்கினார். விற்றவர் ஒரே கை உபயோகம் என்று சத்தியம் செய்தார். மூன்றாம் மாதம் கதவுக் கண்ணாடி இறங்கவில்லை, நான்காம் மாதம் நெடுஞ்சாலையில் விளக்குகள் அணைந்தன. நான் இருக்கைவாரை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தபோது, சாதாரணமாக வெளியே வராத கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தது. வாங்கும் முன்பே அதை இழுத்துப் பார்க்கச் சொல்லாமல் போனேனே என்று இன்றும் வருந்துகிறேன். நீங்கள் எல்லா வார்களையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, மாற்றுச் சக்கரம் இருக்கும் இடத்தில் வண்டல் இருக்கிறதா, டேஷ்போர்டுக்குக் கீழே மின்கம்பி இணைப்புகளில் பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தகட்டைச் சோதிக்க ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவுகளின் கீழ்ப்பகுதியில் அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு போய், பட்டி பூசிச் சாயம் அடித்திருக்கிறார்கள். சேசிஸ் சட்டத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு மணியோசை தரும், அரித்த இரும்பு மண்சட்டிபோல் ஒலிக்கும். அடிப்பகுதி முழுதும் புதிதாகத் தார் பூசியிருந்தால் அதை நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். பினாங்குத் தீவிலோ வேறு கடலோரத்திலோ பல ஆண்டுகள் ஓடிய வண்டியென்றால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு பொறுமையாகச் செய்யுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பல்வரி ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதான ரப்பர் வெடிக்கக்கூடியது. வேனுக்குச் சுமை தாங்கும் வகையைச் சேர்ந்த டயர் வேண்டும். மலிவு என்று கார் டயரை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இயந்திரத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள், அவருக்குக் கொடுக்கும் நூறு இருநூறு வெள்ளி வீண்போகாது. காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முதல் முறை முடுக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், விடாமல் வரும் வெள்ளைப் புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதையும் காட்டும். பிறகு, செராசில் தெருவைச் சுற்றி வருவதோடு நிறுத்திக்கொள்ளாமல், கோம்பாக்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறச் சொல்லுங்கள். அந்த ஏற்றத்தில் வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றால் குளிர்விப்பு நன்றாக இருக்கிறது. திரும்பி இறங்கும்போது பிரேக் மிதி மெதுமெதுவென்று ஆகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கேமரன் மலைக்குப் போகும் ஆசை உங்களுக்கு இருக்கிறது என்றால் இந்தச் சோதனை இல்லாமல் வாங்கவே கூடாது. மலைக்குப் போகும்போதும் தாப்பாவின் வளைவுப் பாதையைவிடச் சிம்பாங் பூலாய் வழி பாரமான வண்டிக்கு ஏற்றது.

பத்திரங்களில் முதலில் கிரானைப் பாருங்கள். அதில் "ஹாக் மிலிக் டித்துந்துட்" என்று வங்கியின் பெயரோடு இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. அதை அடைத்து நீக்கிய பிறகே பணம் கைமாற வேண்டும். சரக்கு வேனாக நிறுவனத்தின் பெயரில் இருப்பதைத் தனியார் உபயோகத்துக்கு மாற்றுவது தனி வேலை, அதையும் விற்பவரே முடித்துத் தரட்டும். நிலுவையிலுள்ள சம்மன்கள், கறுப்புப் பட்டியல் ஆகியவற்றைச் சரிபார்த்து, சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் கிரானோடு நீங்களே ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ தேய்த்த அடையாளமோ தெரிந்தால் மறுபேச்சின்றிப் புறப்பட்டுவிடுங்கள். உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பி5 சோதனை செய்ய வேண்டியிருக்கும். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் சரியா என்பதையே அது முக்கியமாகப் பார்க்கும். கதவு வழியாக மழை ஒழுகுகிறதா என்பதைப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல, ஆகவே பி5 கிடைத்துவிட்டது என்பதை நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். காப்புறுதி எடுக்கும்போது உள்ளே நீங்கள் செய்திருப்பவற்றை மறைக்காமல் சொல்லி, வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்துக்குக் குறைவாகவே ஆசைப்படுங்கள். 12 வோல்ட் மின்விசிறி ஒன்று 25 வாட் என்றால், இரவு பத்து மணி நேரத்துக்கு 250 வாட்மணி. விசிறி இரண்டு, விளக்கு, கைப்பேசிகள் எல்லாம் சேர்த்தாலும் 600 வாட்மணியில் அடங்கிவிடும். 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்மணி தரும், இரண்டு இரவுகளுக்கு அது போதும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதியைத்தான் அதன் ஆயுளைக் கெடுக்காமல் எடுக்க முடியும். குளிர்சாதனத்தை இந்தத் தொகையில் நினைக்கவே வேண்டாம். யாராவது ஏற்கெனவே கம்பி இழுத்த வண்டியைப் பார்த்தால், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும், அதற்குச் சுண்டுவிரல் தடிமனில் செம்புக்கம்பி வேண்டும். வீட்டுச் சுவருக்குள் பதிக்கும் கெட்டிக் கம்பியை வண்டியில் இழுத்திருந்தால், அதிர்வில் அது முறிந்து தீப்பொறி கிளப்பும், முழுதையும் பிடுங்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், பிள்ளைகள் படுக்கும் உயரமும் அதுதான். உள்ளே சிலிண்டர் பொருத்திய வண்டியானால், அந்தப் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருந்தே ஆக வேண்டும். இரவில் புழுக்கமாக இருக்கிறதென்று இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் கொல்லும், நம் நாட்டில் நிறுத்தி வைத்த காருக்குள் இப்படி இறந்தவர்களின் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஜன்னலில் கொசுவலை, இரண்டு விசிறி, கூடுமானவரை மலைப்பகுதியில் இரவு தங்கல் என்பதே நம் தட்பவெப்பத்துக்குச் சரிவரும் ஏற்பாடு.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: வண்டிக்கு 18,000, அதை வாங்கிய முதல் மாதத்திலேயே டயர், பிரேக், பெல்ட், எண்ணெய்கள், குளிர்விப்பு ஆகியவற்றுக்கு 5,000, உரிமை மாற்றம், காப்புறுதி, சாலை வரிக்கு 2,000, பேட்டரி, பெட்டி, மெத்தை, வலைக்கு 2,500. மீதி 2,500 வெள்ளியைத் தொடாமல் வையுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையும் நிலைமை பழைய வண்டி வாங்கும் குடும்பங்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது என்பதால், வழியில் நின்றுவிட்டால் கையிலுள்ள பணம்தான் துணை.

இவ்வளவு சொன்ன பிறகும் செராஸ் வேனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்கள் கணவர் நினைத்தால், பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் போகச் சொல்லுங்கள். மெத்தைகளை எடுத்து வைத்துவிட்டு, பின்சக்கர வளைவின் மேலுள்ள ஒரு பலகையையாவது தம் கண் முன்னால் கழற்றிக் காட்டும்படி கேட்கட்டும். நான்கு திருகாணிகளைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. விற்பவர் சம்மதித்து, உள்ளே தகடு காய்ந்து சுத்தமாக இருந்து, அனுமதிக் கடிதமும் இருக்கிறதென்றால், 22,000 வரை பேசலாம். பலகையில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னால், நன்றி கூறிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.